மோகனூர்த் துறையில் ஒன்றரை மணி நேரம்

சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை நானும் அப்பாவும் சேலத்திலிருந்து புறப்பட்டு, காவிரிக்கு அக்கரையிலுள்ள வாங்கல் கிராமத்துக்குப் போனோம். அங்கே என் சித்திக்கு விஷக்காய்ச்சல் கண்டு பன்னிரண்டு நாளாகியிருந்தது. நெற்றியில் ஐஸ் வைக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். கரூரில் ஐஸ் கிடைக்கவில்லை என்று சித்தப்பா தந்தி அடித்திருந்தார். நம் வகுப்பில் இரண்டு பேர் விடுமுறையில் அந்தப் பக்கம் போகப்போவதாகச் சொன்னதால், வழியையும் நடந்ததையும் நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு இருபது ராத்தல் ஐஸ் வாங்கி, மரத்தூளில் புதைத்து, இரண்டு சாக்குகளில் சுற்றிக் கட்டினோம். ஆறு மணிக்கு பஸ். நாமக்கல் முப்பத்திரண்டு மைல். அப்பாவுக்குப் பன்னிரண்டணா, எனக்கு அதில் பாதி. மழை விடவேயில்லை. ராசிபுரத்தில் பஸ் இருபது நிமிஷம் நின்றது. கண்டக்டர் எங்கள் காலடியில் ஓடிய தண்ணீரைப் பார்த்தார்.

"ஏனுங்க, மூட்டை ஒழுகுதுங்களே. மீனுங்களா?"

"ஐஸுங்க. காய்ச்சல்காரிக்கு" என்றார் அப்பா.

கண்டக்டர் மூட்டையை இஞ்சின் சூடு படாத இடத்துக்குத் தாமே நகர்த்தி வைத்தார்.

நாமக்கல்லில் மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. அங்கிருந்து மோகனூர் பதினொரு மைல், வேறு பஸ், நாலணா. துறைக்கு வந்தபோது மணி பத்து இருபது. அப்பா சாக்கை அழுத்திப் பார்த்து, "முக்கால்வாசி இருக்கிறது" என்றார்.

ஆறு செம்மண் நிறத்தில் கரையை முட்டிக்கொண்டு ஓடியது. பரிசல்களைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். ஒரே ஒரு மோட்டார்ப் படகுதான் போகும் என்றார்கள். மரவியாபாரி ஒருவர் ஏலத்தில் எடுத்த பழைய மோட்டாரைப் பலகைப் படகின் பின்புறம் மாட்டியிருந்தார். அதை ஓட்டுபவர் செங்கோடன், முப்பது வயதிருக்கும். மோட்டாரின் தலையிலுள்ள சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்தால் அது கிளம்பும். அன்று வேகமாக விட்டால் நன்றாக ஓடியது. வேகத்தைக் குறைத்தால் கறுப்பாகப் புகைந்து நின்றது. அக்கரைத் துறையைச் சுற்றிப் பாறைகள். அங்கே மெதுவாகத்தான் அணைக்க வேண்டும். நடுவில் நின்றால் வெள்ளம் பாறைமேல் கொண்டுபோய் மோதும்.

ஏற்கெனவே படகில் உட்கார்ந்திருந்த வெற்றிலைக்கூடைக்கார அம்மாள், "ஏனுங்க செங்கோடா, இந்த மிசினை நம்புனதுக்கு எருமை வாலைப் புடிச்சுட்டே அக்கரை போயிருப்பேனுங்க" என்றாள்.

"கொஞ்சம் பொறுங்க ஆத்தா, மெதுவா ஓடறப்ப பெட்ரோல் சாஸ்தியாக் குடிக்குது. ஒரு திருகுல சரியாப் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே படகை முளையில் இறுக்கிக் கட்டினார். கார்புரேட்டரின் பித்தளைத் திருகின்மேல் திருப்புளியை வைத்தார்.

அப்போது நான் பேசினேன். பலகைக்கடியில் மெழுகுத்துணியில் சுற்றிய, மோட்டாரோடு வந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை முன்பே பார்த்து வைத்திருந்தேன். எடுத்துப் புரட்டினேன். மெதுவாக ஓடும்போது புகைந்து நின்றால் 'லீன்' பக்கம் கொண்டுபோக வேண்டும் என்று இருந்தது. 'லீன்' எனக்குத் தெரிந்த சொல். கிழவர் தடியின்மேல் சாய்ந்தார் என்று பாடத்தில் வருகிறது.

"திருகைத் தொடாதீர்கள். மோட்டாரைச் சாய்க்க வேண்டுமாம்" என்றேன்.

செங்கோடன் என்னையும் புத்தகத்தையும் பார்த்தார். "சாய்க்கோணுமுங்களா அம்மிணி? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"அச்சிலேயே இருக்கிறது."

"இங்கிலீசு படிச்ச புள்ள சொல்லுது, சரியாத்தான் இருக்கோணும்" என்று திருப்புளியை இடுப்பில் செருகினார். அப்பாவும் தடுக்கவில்லை. மோட்டாரை நிறுத்திச் சாய்த்ததும் பெட்ரோல் உள்ளெல்லாம் இறங்கிவிட்டது. பிறகு எத்தனை முறை கயிற்றை இழுத்தும் உயிர் வரவில்லை. ஸ்பார்க் பிளக் இரண்டையும் கழற்றித் துடைத்தார், மழையில் உலரவில்லை. கரையிலிருந்த காப்பிக்கடை அடுப்பருகே கொண்டுபோய்க் காயவைத்து வந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூடைக்கார அம்மாள்தான், "இன்னொரு பக்கம் படிச்சுப்போடாதீங்க அம்மிணி" என்றாள். சாக்கிலிருந்து தண்ணீர் கோடாக ஓடிக்கொண்டிருந்தது.

மோட்டார் மறுபடி கிளம்பியதும் ஐந்து நிமிஷம் சூடேற விட்டார். பிறகு வேகத்தைக் குறைத்துத் திருகை வலப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். ஒவ்வொரு திருப்புக்கும் கையை நிறுத்திச் சத்தத்தைக் கேட்டார். புகை மெலிந்தது. ஓரிடத்தில் மோட்டார் இருமியது. அங்கிருந்து இடப்பக்கம் திருப்ப, சத்தம் சீராகி, பிறகு கனத்தது. இரண்டுக்கும் நடுவில், கனத்த பக்கமாக ஒரு மயிரிழை தள்ளித் திருகை நிறுத்தினார். எல்லாம் பத்து நிமிஷ வேலை.

பதினொன்று ஐம்பதுக்குப் புறப்பட்டு, பன்னிரண்டு மணிக்கு அக்கரையில் முட்டாமல் அணைத்தோம். படகுக்கு ஆளுக்கு இரண்டணா. வீட்டுக்கு ஒன்றரை மைல் நடை. சாக்கைப் பிரித்தபோது மரத்தூளுக்குள் தேங்காய் அளவு ஒரு கட்டி இருந்தது. சித்தியின் நெற்றியில் வைத்ததும் கண்ணைத் திறந்து, "சில்லுனு இருக்குது" என்றாள். மூன்று மணிக்கு ஐஸ் தீர்ந்தது. காய்ச்சல் ஏறியது. மறுநாள் மாலை சித்தி இறந்துபோனாள். முழு மூட்டை வந்திருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். பிழைத்திருக்க மாட்டாள் என்றும் அவர் சொல்லவில்லை.

பள்ளி திறந்ததும் ஆங்கில ஆசிரியையிடம் கேட்டேன். 'லீன்' என்றால் மெலிந்தது என்றும் பொருளாம். பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டச் சொல்லியிருக்கிறது புத்தகம். செங்கோடன் செய்யப்போனதும் அதுதான்.

போகிறவர்களுக்கு: ஐப்பசியில் ஆற்றைக் கடக்கும் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். முடிந்தால் கரூர் வரை ரயிலில் போங்கள். ஐஸ் கொண்டுபோவதானால் மரத்தூளை ஒரு சாண் கனத்துக்குப் போடுங்கள். படகோட்டி திருகில் கை வைக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்.

ஏன் தாமதம் என்று சித்தப்பா கேட்டபோது, "படகு நின்றுவிட்டது" என்று அப்பா முந்திக்கொண்டார். நானும் தலையாட்டினேன். இந்தப் பத்திரிகை வாங்கல் வரை போகாது. ஒரு பிரதி எடுத்து நானே சித்தப்பாவுக்குத் தபாலில் அனுப்பப்போகிறேன்.