டிரைவர் டவுன்லோடு ஆகிட்டிருக்கு

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்பது அடுத்தவன் வீட்டுத் தூசியை நம் மூக்கால் இழுக்கிற தொழில். இதே தொழிலில் சிக்கிச் சீரழிகிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. லேப்டாப்பைத் திறந்தால் நாலு பேர் வேடிக்கை பார்க்கக் கூடுகிற அந்தக் காலத்தில் சிவகாசியில் எனக்கு ஒரு கடை இருந்தது. அங்கே ஒரே ஒரு லேப்டாப் என்னைப் படுத்திய பாடுதான் இது.

கோடு கோடாக ஒரு கார்

முருகேசன் சில வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு விஸ்வநத்தம் பக்கம் வீட்டோடு வந்து சேர்ந்தவன். கேம் விளையாடுவதற்கென்றே செய்த லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அம்மிக்கல் கனம். கார் ரேஸ் போட்டால் கொஞ்ச நேரத்தில் திரை கோடு கோடாகி உறைந்துவிடுகிறது என்றான். பார்த்தால், திரையில் படம் காட்டுகிற கிராபிக்ஸ் டிரைவர் வாங்கின அன்றைக்குப் போட்டதுதான். அதற்கப்புறம் யாரும் தொடவே இல்லை.

சிப் கம்பெனியின் புது டிரைவரை நேராகப் போட்டால் லேப்டாப் ஏற்காது, லேப்டாப் கம்பெனி கொடுப்பதைத்தான் போடணும். அதை டவுன்லோடு பண்ணுவதற்குள் உயிர் போய் உயிர் வரும். முக்கால்வாசி இறங்கியிருக்கும், கரண்ட் போகும். மறுபடியும் முதலிலிருந்து. ஒரு வழியாகப் பழையதைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் புதுசைப் போட்டேன். கார் பறந்தது. முருகேசன் வாயெல்லாம் பல். கூட வந்திருந்த அவன் பெண்டாட்டி பேச்சியம்மாள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இது ஓடுது, சரி. இவுக எப்ப வேலைக்கு ஓடுவாக? அதுக்கு ஏதாச்சும் போட முடியுமாண்ணே?"

விசிறிக்குள் இருந்தது

ரெண்டு வாரத்தில் அதே கோடு, அதே முருகேசன். நான் போட்ட டிரைவரில்தான் கோளாறு என்றான். மெஷின் படுத்தால் கடைசியாகத் தொட்டவன் தலையில்தானே விடியும்! எனக்கும் ரோஷம் வந்தது. பின்பக்கத்தைக் கழற்றினேன். விசிறியில் சாதாரணமாகப் பஞ்சுபோலத் தூசி அடைந்திருக்கும். இதில் வெள்ளி மாதிரி மினுமினுவென்று இருந்தது. விரலில் தொட்டால் வழவழவென்று ஒட்டியது. அலுமினியப் பவுடர். பட்டாசு மருந்தில் கலக்கிறது. இந்த ஊரில் பிறந்தவனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"ஏலே, எங்கன வெச்சு விளையாடுத?" என்று பிடித்து உலுக்கினேன். மென்று விழுங்கிச் சொன்னான். வீடே ஒரு ரூம்தான். ஏஜெண்ட் ஒருத்தன் மருந்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவானாம். லைசென்ஸ் எல்லாம் கிடையாது. ஒரு மூலையில் பேச்சியம்மாள் வெடிக்கு மருந்து அடைக்கிறாள். இன்னொரு மூலையில் இவன் சார்ஜரைச் சொருகிக்கொண்டு கார் ஓட்டுகிறான். பட்டாசுக் கம்பெனியில் செருப்பைக்கூட வெளியே விட்டுவிட்டுத்தானே உள்ளே போவார்கள், உனக்கு மூளை இருக்கா என்று கத்தினேன். அவனோ எனக்குச் சமாதானம் சொன்னான்.

"சூடான காத்து வெளிய வருதுல்ல, அதைச் சுவத்துப் பக்கமாத் திருப்பித்தாண்ணே வெச்சிருக்கேன். மருந்து மேல அடிக்காது."

காதர் பாய் கணக்கு

என் கடையில் பாதி இடத்தில் காதர் பாய் செல்போன் சாமான் விற்றார். எதையும் அவரிடம் கேட்காமல் செய்யமாட்டேன். போலீசில் சொல்லிவிடலாமா பாய் என்று கேட்டேன். கையிலிருந்த போன் கவரைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

"சொல்லுங்க. மருந்து அடைக்கிற அந்தப் புள்ளையைத்தான் கொண்டுபோயி உள்ள வைப்பாக. ஏஜெண்டு அடுத்த தெருவுல வேற வீடு பாத்துக்கிடுவான்."

நான் சொன்ன பொய்

மெஷினைத் திருப்பிக் கொடுக்காமல், சர்வீஸ்காரர்கள் நம் எல்லாரிடமும் இருக்கிற ஒரே ஆயுதத்தை எடுத்தேன். "டிரைவர் டவுன்லோடு ஆகிட்டிருக்கு." சூடாகிற மெஷினும் சார்ஜரும் தீபாவளி சீசன் முடிகிற வரைக்குமாவது அந்த ரூமில் இல்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். முருகேசன் வருவான், கேட்பான், போவான். பிறகு வருவதே நின்றுவிட்டது. அப்பாடா என்றிருந்தேன்.

ஒருநாள் பேச்சியம்மாள் தட்டில் அதிரசத்தோடு வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"லேப்டாப்பு இல்லாமப் போகவும் கொஞ்ச நாளு மோட்டுவளையைப் பாத்துக்கிட்டுக் கெடந்தாக. இப்ப எங்கூட உக்காந்து மருந்து அடைக்காக. என்னையவிட அம்புட்டு வேகம்! நீங்க மெதுவாவே குடுங்கண்ணே."

திருப்பிக் கொடுக்கப் போனது

அதிரசத்தைத் தட்டோடு காதர் பாய் பக்கம் தள்ளினேன். அன்றைக்கே விசிறியைத் துடைத்து, புது டிரைவர் போட்டு, வண்டியில் வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன். முருகேசன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முழங்கை வரைக்கும் வெள்ளி நிறம். "இந்தா, உன் காரை எடுத்துக்கிட்டு வேற எங்கயாச்சும் போயி ஓட்டு, எந்திரிலே!" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவன் லேப்டாப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒங்க கடையிலயே இருக்கட்டும்ணே. இவ இப்பத்தான் எங்கூட மூஞ்சி குடுத்துப் பேசுதா."

தீபாவளிக்கு அப்புறம்

சீசன் நேரத்தில் சத்தம் கேட்டால் எங்கள் ஊர்க்காரன் முதலில் புகை எந்தப் பக்கம் என்றுதான் பார்ப்பான். தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் கேட்ட சத்தத்துக்குப் புகை விஸ்வநத்தம் பக்கம். தண்ணீர் எடுக்கப் போயிருந்ததால் பேச்சியம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முருகேசனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தீபாவளி முடிந்து ரெண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். அவள் படியிலேயே நின்றுகொண்டாள். அவன் வலது கையில் கட்டு. கட்டுக்கு வெளியே விரல் எதுவும் இல்லை. நான் லேப்டாப்பை எடுத்து ஓடவிட்டேன். ஒரு கோடுகூட இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்குத்தான் கண் மறைத்தது. முருகேசன் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"மவுசு பட்டனை மட்டும் எடது கைக்கு மாத்திக் குடுத்திருங்கண்ணே."

கேட்ட மாத்திரத்தில் நான் முடித்துக் கொடுத்த வேலை, என் சர்வீசிலேயே அது ஒன்றுதான்.