கப்பலுக்கு ஒரு வாடகை

பக்தவத்சலம் டெலானிபூர் மேட்டில் மளிகைக் கடை போட்டது ஐம்பதுகளின் கடைசியில். அப்போதெல்லாம் மெயின்லேண்டிலிருந்து தீவுக்குக் கப்பல் வருவது மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் கடல் மனசு வைத்தால்தான். சாத்தம் துறையில் சங்கு ஊதினால் போதும், யாரும் வராத வீட்டுக்காரன்கூடச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவான். இன்று தினமும் விமானம் வருகிறது, ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அந்த நாள் மாதிரி வருமா?

முதல் மழைக்காலத்திலேயே கப்பல் காலை வாரிவிட்டது. கடையில் உப்பும் தீப்பெட்டியும்தான் மிச்சம். வாடகை கேட்டு வந்தாள் கடைக்குச் சொந்தக்காரி பங்கஜம். தீவிலேயே பிறந்து வளர்ந்தவள், பேச்சில் பாதி இந்தி. காலி டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மாசக் கணக்கு வேணாங்க்கா. கப்பல் வந்தாத்தானே எனக்குச் சரக்கு? கப்பலுக்கு ஒரு வாடகைன்னு வச்சுக்கலாம்."

"அரே, சாலாக், கெட்டிக்கார ஆளுதான் நீ!" என்று சிரித்தாள் பங்கஜம். ஒப்புக்கொண்டும்விட்டாள். கப்பல் வந்தால் வாடகை இருபத்தைந்து ரூபாய், வராவிட்டால் இல்லை. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. அப்படித்தான் நடந்தது அன்றைய பிழைப்பு.

அறுபதுகளில் கப்பல்கள் கூடின. சென்னையிலிருந்து வந்தது, கல்கத்தாவிலிருந்தும் வந்தது. ஊருக்குக் கொண்டாட்டம், பக்தவத்சலத்துக்குத் திண்டாட்டம். ஒவ்வொரு கப்பலிலும் ஒரு புதுக் கடைக்காரன் இறங்கினான். வியாபாரம் பாதியானது, வாடகை மூன்று மடங்கானது. பேசினது பேசினதுதான் என்று வீம்பாய்க் கொண்டுபோய்க் கொடுத்தான். அவளும் வாங்கி முடிந்துகொண்டாள். அவள் எதிரில் சிரித்த முகமாக நிற்பான். 'பொம்பளைக்குக் கண்ணில் ஈரமே இல்லை' என்று திரும்பும் வழியெல்லாம் பொருமுவான்.

மனைவி இந்திராணியின் வளையல் அடகுக்குப் போன வாரம், கடைச் சாவியைப் பங்கஜத்திடம் நீட்டினான்.

"கட்டுப்படியாகலக்கா. கடைய மூடிட்டு ஊருக்கே போறோம்."

பங்கஜத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "க்யா? கப்பலுக்குக் கப்பல் சிரிச்சிக்கிட்டே கொண்டாந்து குடுத்தியே! சரக்கு பறக்குதுன்னு நெனச்சேன்."

"பேச்சுன்னு ஒண்ணு இருக்குல்லக்கா."

"அதை மாத்திப் பேச வாயில்லையா? மூஞ்சி தெரியாத நாள்ல உரிமையா கேட்டே. இத்தனை வருஷம் பழகின பெறகு வாய மூடிக்கிட்டே. நான் உனக்கு யாரோ ஆயிட்டேனா?" சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவளை வைதுகொண்டே நடந்த நடையெல்லாம் பக்தவத்சலத்துக்கு நினைவு வந்தது. வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"சாவிய எடு. எத்தனை கப்பல் வேணா வரட்டும். இனிமே மாசம் இருபத்தஞ்சு. டீக் ஹை?"

சாவியை மடியில் செருகிக்கொண்டான்.

"இருபதுன்னு வைங்கக்கா" என்றான்.

பங்கஜம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனை வாய் நிறையத் திட்ட ஆரம்பித்தாள்.