ஒட்டக விதையில் கறுப்புப் புள்ளிகள்

"அண்ணை, ஓடி வாங்கோ! ஒட்டகத்தின்ரை விதைக்குள்ளை சுண்ணாம்பு!"

நுணுக்குக்காட்டியின் முன்னால் இருந்து மிஸ் கூப்பிட்டார். அவர் மிருக வைத்தியர். ஆண் ஒட்டகத்தின் விதையில், அதாவது விந்து உண்டாகும் உறுப்பில், உள்ள உயிர்க்கலங்கள் இணைசேரும் குளிர்காலத்தில் எப்படி இருக்கின்றன, கோடையில் எப்படி மாறுகின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. யாழ்ப்பாணத்தில் ஒட்டகம் ஏது? வெளிநாட்டில் படித்தபோது சேர்த்த விதை இழையத் துண்டுகளை மெழுகுக் கட்டிகளில் பதித்துக் கொண்டு வந்திருந்தார். அவற்றை மைக்ரோட்டோமில் மெல்லிய ஏடாகச் சீவி, இளஞ்சூட்டு நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் எடுபட்டதும் கண்ணாடிச் சிலைட்டில் ஏந்திச் சாயம் போடுவது என் வேலை. சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திய எனக்கு இப்படியொரு தொழிலைத் தந்தவன் நான் கும்பிடும் முருகன்தான்.

குனிந்து பார்த்தேன். வட்ட வட்டமாகச் சிறுகுழாய்கள். அவற்றின் மேல் கறுப்புப் புள்ளிகள். சுண்ணாம்பு இருந்தால் நான் போட்ட சாயம் அதைக் கறுப்பாகத்தான் காட்டும்.

"குளிர்காலச் சிலைட் ஒண்டிலையும் இல்லை. கோடைச் சிலைட் எல்லாத்திலையும் இருக்கு. இதை இன்னும் ஒருத்தரும் எழுதேல்லை. நாளைக்குக் கட்டுரையை அனுப்பப்போறன் அண்ணை!"

எனக்கும் சந்தோசம்தான். ஆனால் குவியம் மாற்றும் திருகைச் சற்று அசைத்தபோது மனம் துணுக்குற்றது. கலங்கள் தெளிவானால் புள்ளிகள் மங்கின. புள்ளிகள் தெளிவானால் கலங்கள் மங்கின. அப்படியென்றால் புள்ளிகள் இழையத்துக்குள் இல்லை, மேலே கிடக்கின்றன.

வேலைக் கொப்பியைப் புரட்டினேன். அந்தக் கோடைச் சிலைட்டுகள் எல்லாவற்றுக்கும் நான் கட்டி சீவியது கந்தசஷ்டி விரத நாட்களில். அந்த ஆறு நாளும் காலையில் குளித்துவிட்டு, நெற்றியிலும் கைகளிலும் திருநீற்றைக் குழைத்துத் தடிப்பாகப் பூசிக்கொண்டு வந்தேன். அரைக்கைச் சட்டை. காய்ந்த திருநீறு எதற்கு மேலே உதிர்ந்திருக்கும்? ஏடு மிதந்த தண்ணீரில்தான். திருநீற்றுச் சாம்பலிலும் சுண்ணாம்பு உண்டு.

சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் மிஸ்ஸின் பெயர் போகும். புதுத் தண்ணீரில் ஒரு சிட்டிகை திருநீற்றைத் தூவி, வெறும் சிலைட்டைத் தோய்த்து, அதே சாயத்தைப் போட்டேன். அதே கறுப்புப் புள்ளிகள். கொண்டுபோய் முன்னால் வைத்தேன்.

"மிஸ், உந்தப் புள்ளி ஒட்டகத்தின்ரை இல்லை. என்ரை."

"என்ன அண்ணை விசர்க்கதை?"

"சஷ்டிக்குக் கையிலை பூசின திருநீறு, மிஸ். தண்ணிக்குள்ளை கொட்டுப்பட்டிருக்கு. இந்தச் சிலைட்டிலை இழையமே இல்லை, பாருங்கோ."

மிஸ் நெடுநேரம் பார்த்தார். திருகை அங்கும் இங்கும் திருப்பினார். திருநீறு பூசாமல் வா என்று சொல்லிவிடுவாரோ என்று நான் தலை குனிந்து நின்றேன்.

"அப்ப ஒட்டகமும் சஷ்டி பிடிச்சிருக்கு" என்றார். சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார். "அனுப்பியிருந்தா என்ரை பேர் நாறியிருக்கும். சீவாமல் மிஞ்சியிருக்கிறது ஒரு கோடைக் கட்டிதான். அதை நீங்கள்தான் சீவோணும்."

"இன்னும் என்னை நம்புறியளோ மிஸ்?"

"வேறை ஆரை நம்புறது? திருநீறு பூசுங்கோ. கையைக் கழுவி, நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வாங்கோ."

அந்தக் கட்டியை ஐஸில் குளிரவைத்து, முருகா முருகா என்று சீவினேன். சாயம் போட்டுப் பார்த்தால் ஒரு புள்ளியும் இல்லை. குளிர்காலத்தில் பருத்துக் கிடந்த சிறுகுழாய்கள் இதில் ஒடுங்கியிருந்தன. வால் வைத்த விந்துகள் மிகக் குறைவு. கோடையில் ஒட்டகத்தின் விதை ஓய்கிறது. மிஸ் எழுதி அனுப்பியது அதைத்தான்.

பிழையை முதலில் என் கண்ணுக்கே காட்டிய முருகனுக்கும், அதைச் சொன்ன பிறகும் கட்டியை என்னிடமே தந்த மிஸ்ஸுக்கும் நான் தினமும் நன்றி சொல்கிறேன். நெற்றியில் திருநீறு இன்றும் உண்டு. வேலை நேரத்தில் அதன்மேல் துணித் தொப்பியும் உண்டு. சீவத் தொடங்குமுன் ஒரு வெறும் சிலைட்டை அதே தண்ணீரில் தோய்த்துச் சாயம் போட்டுப் பார்ப்பேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்:

"உதிலை ஒண்டுமில்லையே அண்ணை, என்னத்தைப் பாக்கிறியள்?"

"என்னைத்தான்" என்பேன்.