தொட்டால் காசு

தெருவில் அவனுக்கு டிகிரி என்று பெயர். அந்தத் தெருவில் கல்லூரிப் படிப்பை முடித்த முதல் ஆள் என்பதால் மளிகைக்கடைக்காரர் வைத்தது. பாதி மரியாதை, பாதி கிண்டல். எந்த நேரத்தில் எந்தப் பாதி என்பது கூப்பிடுகிறவர் குரலைப் பொறுத்தது.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவில் அவனுக்கு வேலை. ஜன்னல் இல்லாத அறை, கால் ஆடும் மேஜை, ஓடும்போது முனகுகிற மின்விசிறி. ஊரில் எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அவசரப் பொத்தானை அழுத்தினாலும் மணி அவன் மேஜையில்தான் அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மாட்டிக்கொண்டவர்கள் பயத்தில் பொத்தானை விடவே மாட்டார்கள்.

"ஒரு தடவை அழுத்துனா போதும் சார். எனக்குக் கேட்டுருச்சு. ஆள் கிளம்பியாச்சு."

அடைபட்ட மனிதர்கள் எதையெதையோ பேசினார்கள். மறுநாள் ராஜினாமா செய்யப் போவதை ஒருவர் மேலாளரிடம் சொல்வதற்கு முன்னால் அவனிடம் சொல்லிப் பார்த்தார். பேச்சுவார்த்தை முறிந்துபோன இரண்டு அண்டைவீட்டுக்காரர்கள் ஒரே லிஃப்டில் மாட்டிக்கொண்டு, ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதையெல்லாம் அவன் மூலமாகவே சொல்லிக்கொண்டார்கள். இதையெல்லாம் ஆள் அடையாளம் தெரியாமல் மாற்றி அவன் ஒரு வலைப்பூவில் எழுதிவந்தான். 'இரண்டு மாடிக்கு நடுவே' என்று பெயர். படிக்கிறவர்கள் கொஞ்சம்தான். ஆனால் படித்தவர்கள் திரும்பி வந்தார்கள்.

அப்பா கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். பள்ளிக்கூடத்து வாசலை மழைக்கு ஒதுங்கியபோது பார்த்ததோடு சரி. மகன் ராத்திரி சாப்பிட்ட கையோடு மடிக்கணினியை விரிப்பதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் கேட்டார்.

"இம்புட்டு எழுதுறியே தம்பி, இதுக்கு யாரு கூலி குடுக்குறா?"

குத்திக்காட்டுகிற கேள்வி இல்லை. வேலை என்றால் கூலி இருக்கும் என்று நாற்பது வருஷமாகத் தோள் சொன்னதைத்தான் வாய் கேட்டது. ஆனால் டிகிரிக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. எழுத்தும் ஒரு வேலைதான் என்று அப்பா கண்ணால் காணும்படி, ஒரே ஒருமுறையாவது அதற்குக் கூலி வந்துவிட வேண்டும். மற்றபடி அவனுக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை.

அப்படித்தான் வலைப்பூவில் விளம்பரம் போட விண்ணப்பித்தான். விளம்பர நிறுவனம் கொடுத்த நாலைந்து வரி நிரலை ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டினான். முதலில் ஒட்டியது தலைப்பை விழுங்கிவிட்டது. அடுத்தது பக்கத்தின் அடியில் போய் ஒளிந்துகொண்டது. கடைசியில் கதைக்கு நடுவில், இரண்டு பத்திகளுக்கு இடையே ஒரு பெட்டி சரியாக உட்கார்ந்தது. ஒப்புதல் வரும்வரை அது வெறும் வெள்ளைப் பெட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்குள் ஒரு மெத்தை விளம்பரம் மலர்ந்தது. மெத்தைமேல் ஒரு குடும்பம் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

நிறுவனத்தின் விதிகளை அவன் வரிவரியாகப் படித்திருந்தான். தன் விளம்பரத்தைத் தானே தொடக்கூடாது. வாசகர்களைத் தொடச் சொல்லிக் கேட்கக்கூடாது. இரண்டையும் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினான். அப்பா வாசகர் இல்லை என்பதால் அவருக்கு இது பொருந்தும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"இந்தா பாருங்கப்பா. நடுவுல மெத்தை தெரியுதுல்ல? யாராவது இதைத் தொட்டா எனக்குக் காசு."

"தொட்டாலே போதுமா? வாங்க வேணாமா?"

"தொட்டா போதும்பா."

அப்பா மெத்தைக் குடும்பத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்துக்கொண்டு டிகிரியின் தங்கச்சியிடம் போனார். அவள் வலைப்பூவை அவர் போனின் முகப்பிலேயே வைத்துக் கொடுத்தாள். மகன் எழுதுவதை அப்பா வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறார் என்றுதான் அவளும் நினைத்தாள். டிகிரிக்கோ நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அதற்கடுத்து வந்த நாட்களில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. விளம்பரக் கணக்கின் பக்கத்தில் தரையோடு ஊர்ந்துகொண்டிருந்த வரைபடக் கோடு எழுந்து நடக்க ஆரம்பித்தது. மதிய நேரத்தில் மட்டும் அது கோபுரம்போல் நிமிர்ந்து நின்றது. சாப்பாட்டு வேளையில் அலுவலகக்காரர்கள் படிக்கிறார்கள் என்று முடிவுகட்டினான். அண்டைவீட்டுக்காரர்கள் கதை வெளியான அன்றைக்குக் கோடு கூடுதலாக உயர்ந்ததால், சண்டைக்கதைக்குத்தான் மவுசு என்று கண்டுபிடித்து, வரிசையாகச் சண்டைகளாகவே எழுதினான். நிறுவனம் பணம் அனுப்புவதற்கான குறைந்தபட்சத் தொகையை அவன் கணக்கு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஸ்பானரிடம் காட்டினான். ஸ்பானர் என்பது கம்பெனியின் மூத்த மெக்கானிக். சட்டைப்பையில் எப்போதும் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அவர் திரையை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இது என்ன எண்ணு?"

"படிக்க வந்தவங்க அண்ணே."

"இது?"

"விளம்பரத்தைத் தொட்டது."

"கடைக்குள்ள வந்தவன விட வாங்கிட்டுப் போனவன் அதிகமா இருக்கானேப்பா. உன் எழுத்து அவ்ளோ தாங்க முடியலையா, மெத்தை கேக்குறானுங்க?"

சிரித்துவிட்டுத்தான் டிகிரிக்கு உறைத்தது. அறிக்கையில் இன்னும் உள்ளே போனான். தொடுகைகள் கிட்டத்தட்ட அத்தனையும் ஒரே ஊரிலிருந்து. அவன் ஊர். பக்கத்தைத் திறந்தவர்கள் ஒரு வாக்கியம் படிக்கிற நேரம்கூட அதில் தங்கவில்லை. முக்கால்வாசி பழைய, மலிவான போன்கள். கிடங்கில் மதியம் வண்டி வராத இடைவெளி எப்போது என்பது அவனுக்குத் தெரியும். கோபுரம் நிமிர்வதும் அப்போதுதான்.

அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிடங்குக்கு ஓடினான். கூரை நிழலில், அடுக்கிவைத்த மூட்டைகளில் சாய்ந்து, சுமைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு போன். அப்பா முன்னால் நின்று மேஸ்திரி மாதிரி வேலை வாங்கிக்கொண்டிருந்தார்.

"கீழ தள்ளு. இன்னும் தள்ளு. எழுத்தெல்லாம் போகட்டும் விடு. நடுவுல படம் வரும் பாரு, அதான். அமுக்கு. ஆச்சா? மூடிட்டு மறுபடி தெற."

"நேத்து மெத்தை வந்துச்சு, இன்னைக்கு என்ன செருப்பு வருது?" என்று ஒருவர் கேட்டார்.

"எது வந்தா உனக்கென்ன? நீ வாங்கவா போற? அமுக்கு."

அவனைப் பார்த்ததும் எல்லார் முகமும் மலர்ந்தது. "டிகிரித் தம்பி, கவலைய விடு. நேத்து பக்கத்துக் கிடங்குக்காரனுங்களுக்கும் சொல்லிட்டோம்" என்றார் ஒருவர். "என் சின்னப் பொண்ணு வீட்லயும் தொடுது" என்றார் இன்னொருவர். உப்புப் படிந்த பனியன்களோடு, கிடைக்கிற கொஞ்ச ஓய்வையும் அவனுக்காகச் செலவழித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து அவன் தலையாட்டினான். அப்பாவை மட்டும் தனியே அழைத்துப்போனான்.

"அப்பா, இத நிறுத்திடுங்கப்பா. விளம்பரக் கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சா கணக்கையே மூடிருவான்."

"ஏன்? தொட்டா காசுன்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். ஆனா அந்தப் பொருளைப் பாக்கணும்னு தோணித் தொடணும்பா. சும்மா தொடக்கூடாது."

"சும்மாவா தொடறேன்? நீ நல்லா வரணும்னு தோணுது, தொடறேன்."

இதற்கு எந்த விதியில் பதில் இருக்கிறது? அப்பாவே இறங்கி வந்தார். "சரி, கொறச்சுக்கச் சொல்றேன்" என்றார். மகனுக்குக் கூச்சம் என்று அவர் நினைத்துக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது.

குறைக்க நேரம் இருக்கவில்லை. அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே மின்னஞ்சல் வந்துவிட்டது. முறையற்ற தொடுகைகள். கணக்கு மூடப்பட்டது. சேர்ந்த தொகை விளம்பரதாரர்களுக்கே திரும்பிப் போகும். மேல்முறையீடு செய்ய ஒரு பக்கம் கொடுத்திருந்தார்கள். தொட்டவர்கள் யார், அவர்களுக்கும் உங்களுக்கும் என்ன உறவு, விளக்குக.

அதில் எழுத உட்கார்ந்தான். முன்பின் தெரியாத மனிதர்களின் மனசையெல்லாம் எழுதித் தள்ளியவனுக்கு இந்தப் பெட்டிக்குள் ஒரு வரி ஓடவில்லை. என் தந்தை என்று எழுதினான், அழித்தான். நண்பர்கள் என்று எழுதினான். அது பொய். கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினான்: தொட்டது என் தந்தையும் அவரோடு வேலை செய்கிறவர்களும், அவருக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் தவறாகச் சொல்லிக்கொடுத்தேன், இனி நடக்காது. அனுப்பும் பொத்தானை அழுத்தினான். ஒன்றும் நகராததுபோல் இருந்ததால் மறுபடி அழுத்தினான். மறுபடியும். கேட்டுவிட்டது, ஆள் கிளம்பியாகிவிட்டது என்று சொல்ல அந்தப் பக்கம் யாரும் இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எல்லாருக்கும் போகிற பதில். முடிவு இறுதியானது. கீழே பெயர்கூட இல்லை.

"அப்பாகிட்ட நீயே சொல்லு, என்னைய மாட்டிவிடாத" என்றாள் தங்கச்சி. "கிடங்கு முழுக்க என் மகனுக்குக் கூலி வரப் போகுதுன்னு சொல்லிட்டுத் திரியறாரு. நேத்து மளிகைக்கடையிலயும் சொன்னாரு."

சொல்லத்தான் நினைத்தான். அப்பா குளித்துவிட்டு, தோளில் தைலம் மணக்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். போனை நீட்டினார்.

"தம்பி, ரெண்டு நாளா படமே வரல. பசங்க கேக்குறானுங்க. வெறும் வெள்ளையா நிக்குது."

ராஜினாமாக்காரரின் கதைக்கு நடுவில் பழைய வெள்ளைப் பெட்டி திரும்பி வந்திருந்தது. சொல்ல வேண்டிய வாக்கியம் அவன் தொண்டையில் தயாராகத்தான் இருந்தது. உங்களால்தான் போயிற்று என்று தொனிக்காமல் அதைச் சொல்ல ஒரு வழியைத் தேடினான். கிடைக்கவில்லை.

"வேல நடக்குதுப்பா. கொஞ்ச நாள் ஆகும்."

"அதுவரைக்கும் இந்த வெள்ளையத் தொட்டா கணக்குல ஏறுமா?"

சுமை அழுத்திக் காய்த்துப்போன விரல் பெட்டிக்குமேல் காத்திருந்தது. டிகிரி, மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற அதே நிதானக் குரலில் சொன்னான்:

"ஒரு தடவை தொட்டா போதும்பா."

அப்பா தொட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவையும் தொட்டார்.