எல்லோரும் போட்ட கோட்டு

பிரெஞ்சு நாட்டில், லா சப்பலில் நான் வேலை செய்யும் பலசரக்குக் கடைக்கு, பள்ளிக்கூடம் விட்டதும் என் மகள் வந்துவிடுவாள். அன்றைக்கு வெண்டிக்காய்ப் பெட்டிகளை இறக்கி எனக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. அவள் அரிசி மூட்டையில் ஏறியிருந்து, வகுப்பில் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்தாள். அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய ஜேம்ஸ்டவுன் பற்றியது அது.

தங்கம் கிடைக்கும் என்று கப்பலேறியவர்கள். கிடைத்தது சதுப்பு நிலமும் உப்புக் கரிக்கும் ஆற்றுத் தண்ணீரும். காய்ச்சல், பசி. ஒரு குளிர்காலத்தில் குதிரை, நாய், எலி ஒன்றையும் விடவில்லையாம். கப்பல் கப்பலாக ஆள் இறங்கியும் அங்கே சனம் பெருகவில்லை. இறங்கியவர்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள்.

பிறகும் ஏன் வந்தார்கள் என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"அங்கை நல்லா இருக்கெண்டு ஆரும் சொல்லியிருப்பினம்" என்றேன். எனக்குத் தெரியாதா என்ன?

நான் வந்த புதிதில், மார்க்ஸ் டோர்மோய்ப் பக்கம் ஊர்ப் பெடியள் நாங்கள் முறைவைத்துப் படுத்த அறையின் கதவில் ஒரு கறுப்புக் கோட்டுத் தொங்கியது. எல்லோருக்கும் பொது. குளிருக்குப் போட ஒருவரும் விடமாட்டார்கள். ஊருக்குப் படம் அனுப்ப மட்டும். கசங்கிவிடும் என்று அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடுங்கி நடுங்கிப் போய், தெருவில் நிற்கும் யாருடையதோ காரில் சாய்ந்து நின்று சிரிப்போம். விசர் வேலை.

மகளோடு பேசிக்கொண்டிருந்த அந்த நேரம் கைபேசி அடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அக்காவின் மகன், வீடியோவில். இரண்டு கிழமையாக இதே கதைதான். அக்கா குடியிருக்கும் வீட்டையும் காணியையும் விற்று, ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி இங்கே வரப்போகிறான். நாளைக்கு விற்பனை உறுதி எழுதுகிறார்கள். பிறகு அக்காவுக்கு ஒதுங்க ஒரு இடமில்லை.

"வராதை தம்பி. விசா இல்லாமல் இஞ்சை நாய் படாத பாடு. இத்தனை வருசத்துக்குப் பிறகும் நான் மூட்டைதான் தூக்கிறன்."

அவன் கைபேசியைத் திருப்பிச் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினான். கறுப்புக் கோட்டோடு நான் காரில் சாய்ந்து சிரித்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப இது ஆர் மாமா?"

"அந்தக் கோட்டு என்ரையில்லையடா. காரும் என்ரையில்லை."

அவன் சிரித்தான். பின்னால் அக்காவின் குரல் களைப்போடு கேட்டது.

"விடு தம்பி. தான் மட்டும் நல்லா இருந்தால் போதுமெண்டு நினைக்கிறான்."