கீழே நாலு, மேலே பதினொன்று

நகராட்சி சுகாதாரப் பிரிவில் 'டேப் அக்கா' என்றால்தான் அவரைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால் சம்பளம் போடுகிறவரே யாரென்று கேட்பார். பத்தொன்பது வருஷமாக ஒரே வேலை. பழைய வீடுகளுக்குள் நுழைந்து, அறையை அளந்து, ஜன்னல் இருக்கிறதா என்று பார்த்து, ராத்திரி அங்கே எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று எண்ணுவது. இடத்துக்கு மீறி ஆள் இருந்தால் படிவத்தில் சிவப்பு மையால் 'நெரிசல்' என்று எழுதுவார். சிவப்பு விழுந்த வீட்டுக்கு இரண்டு வாரத்தில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கச் சளிப் பரிசோதனைக் குழு வரும். படிவத்தில் இருக்கிறவர்களை மட்டும் சோதித்துவிட்டுப் போகும்.

இதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். அளப்பதில் ஒன்றுமில்லை, சுவர் வைத்த இடத்தில் நிற்கும். மனுஷர்கள்தான் நிற்பதில்லை. அண்ணன் பகலில் தூங்குகிற பாயில் தம்பி ராத்திரி தூங்குவான். இன்னொரு வீட்டில் மாப்பிள்ளை வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் வருவார். அவர் முழு ஆளா, அரை ஆளா? அக்கா பேனாவைக் காதில் செருகிக்கொண்டு குழம்பி நிற்பார். "உங்க கை விரலை எண்ணச் சொன்னாக்கூட ரெண்டு தடவை எண்ணுவீங்க" என்று அதிகாரி கிண்டல் செய்வார். அக்காவுக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் இரண்டு தடவைதான் எண்ணுவார்.

ஆட்கள் வாயால் சொல்லும் கணக்கு உதவாது என்று தெரிந்துகொண்டபின் அவர் பல் பிரஷ்களை எண்ணத் தொடங்கினார். விருந்தாளி என்று யாரை வேண்டுமானாலும் சொல்லலாம், விருந்தாளிக்குப் பிரஷ் மாட்டக் கொக்கி எதற்கு? இந்த உத்தியில் அக்காவுக்குக் கொஞ்சம் பெருமை. பெருமையாக நாலு இடத்தில் சொல்லியும் வைத்தார். ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு மாறி அது எல்லாத் தெருவுக்கும் போய்விட்டது. அது மட்டும் அவருக்குத் தெரியாது.

அன்று காலை அவர் போனது ஒரு மாடி வீட்டுக்கு. கட்டி எழுபது வருஷம் இருக்கும். கீழே இஸ்திரிக்காரர் குடும்பம், மேலே தையல்காரர் குடும்பம். கீழே முன் அறையும் நடு அறையும். நடு அறைக்கு ஜன்னலே இல்லை, சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறியிருந்தது. இஸ்திரிக்காரர், அவர் மனைவி, இரண்டு மகன்கள் என்று நாலு பேர் வரிசையாக நின்றார்கள். பிரஷ்களும் நாலு. இரண்டு அறைக்கு நாலு பேர் தாராளம். அக்கா எழுதிக்கொண்டார். இவ்வளவு ஒழுங்கான வீட்டை அவர் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

மாடியில் அதற்கு நேர்மாறு. ஒன்றரை அறைக்குள் பதினொரு பேர் பஸ்ஸில் நிற்பதுபோல் நின்றார்கள். ஒரே டம்ளரில் பதினொரு பிரஷ்கள். ஓரத்தில் ஒரு பெண் கைக்குழந்தையுடன் இருமிக்கொண்டிருந்தாள்.

"இவங்க யாரு?"

"என் சித்தி பொண்ணு" என்றார் தையல்காரர். அதே நேரத்தில் "என் பெரியம்மா பொண்ணு" என்றாள் அவர் மனைவி. இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

அக்காவுக்குத் தலை சுற்றியது. மறுபடி எண்ணினார். பதினொன்றுதான். சிவப்பு மையைத் திறந்தபோது ஆறு வயசுச் சிறுமி ஒருத்தி அவரைத் தாண்டிப் படியிறங்கி ஓடினாள். கீழே அவள் குரல் கணீரென்று கேட்டது. "தாத்தா, இன்னும் எவ்வளவு நேரம் மேலயே இருக்கணும்? மாடி அத்தை எங்களை நெருக்கி நெருக்கி நிக்க வைக்கிறாங்க!"

குட்டு உடைந்தது. மேலே இருந்தவர்களில் ஐந்து பேர் கீழ் வீட்டுக்காரர்கள். இரண்டு மருமகள்கள், இரண்டு பிள்ளைகள், ஒரு கைக்குழந்தை. ஆள் அதிகமென்றால் வீட்டைப் பூட்டிவிடுவார்கள் என்று இஸ்திரிக்காரர் காதில் விழுந்திருக்கிறது. ஆள் அதிகமென்றால் பெரிய வீடு தருவார்கள் என்று தையல்காரர் காதில் விழுந்திருக்கிறது. இவருக்கு ஐந்து பேர் கூடுதல், அவருக்கு ஐந்து பேர் குறைச்சல். பிரஷ்களோடு மாற்றிக்கொண்டுவிட்டார்கள். அக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மாடிப் படிவத்தை ஆறு என்று திருத்திவிட்டுக் கீழே வந்தார். அந்த ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தார்கள்.

இஸ்திரிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, ஒன்பதுன்னு எழுதினா எங்களைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. வீட்டுக்காரர் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காரு. நாலுன்னே இருக்கட்டும்மா."

காலி பண்ணச் சொல்வார்களா? அக்கா யோசித்தார். அவர் சிவப்பு போட்ட வீடுகளில் சில பூட்டப்பட்டன. சிலருக்கு வேறு வீடு கிடைத்தது. பலருக்கு ஒன்றுமே நடக்கவில்லை. எதற்கு எது என்று இத்தனை வருஷத்தில் அவருக்குப் பிடிபடவே இல்லை.

"எனக்கே தெரியாதுங்க" என்றார். சொல்ல வெட்கமாக இருந்தது. "சத்தியமா தெரியாது. ஆனா இந்தப் பொண்ணு இருமறது எத்தனை நாளா?"

"நாலு நாளா" என்றாள் மாமியார்.

"ஆறு வாரமா" என்றாள் இருமிய மருமகள்.

"குழந்தை எங்க படுக்குது?"

"என் பக்கத்துலதான். நடு அறையில."

எழுதினால் வீடு போகலாம். எழுதாவிட்டால் பரிசோதனைக் குழு இந்த வாசலை எட்டிக்கூடப் பார்க்காது. அக்கா பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

மருமகள் மாமனார் பக்கம் திரும்பினாள். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்பதுபோல் கேட்டாள். "மாமா, நாலு பேர்னா யார் யாரு?"

"நான், உன் அத்தை, பசங்க ரெண்டு பேரு..." விரலை மடக்கிக்கொண்டே சொன்னவர் நாலாவது விரலில் நின்றுவிட்டார். பெருவிரல் மட்டும் மடங்காமல் நின்றது.

"அப்ப நானும் பாப்பாவும் இந்த வீட்டுல இல்லையா மாமா?"

அவள் மறுபடி இருமினாள், குழந்தையின் முகத்தைத் தோளுக்கு அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. இஸ்திரிக்காரர் மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார்.

"முதல்ல இவளை எழுதுங்கம்மா. எங்களை அப்புறம் எழுதுங்க."

அக்கா புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். செய்வது நல்லதற்கா கெட்டதற்கா என்று அவருக்கு அப்போதும் தெரியவில்லை. முதல் வரியில் மருமகளை எழுதினார், அடுத்த வரியில் ஏழு மாதக் குழந்தையை.