கேட்டதுக்கெல்லாம் யெஸ்

"லோஷினி, கம்ப்யூட்டர் கறுப்பா நிக்குது. வெள்ளை எழுத்துல என்னமோ எழுதியிருக்கு," என்றாள் கஸ்தூரி போனில். குரல் உயரவே இல்லை. லோஷினிக்கு அதுதான் பயமாக இருந்தது. அண்ணி கத்தினால் விஷயம் சின்னது என்று அர்த்தம்.

"என்ன ஆச்சு அண்ணி?"

"உன் அண்ணன் மெயின் சுவிட்சை அடைச்சிட்டாரு. ஆயுத பூசையாம். எல்லா மெஷினுக்கும் ரெஸ்ட்டாம். நான் உள்ள டிசைனெல்லாம் அடுக்கிக்கிட்டு இருந்தேன்லா! திரும்ப ஆன் பண்ணா இப்படி நிக்குது."

"கடைசி வரியைப் படிங்க."

கஸ்தூரி எழுத்துக் கூட்டிப் படித்தாள். டிஸ்க்கில் கோப்புகளின் கணக்கு குழம்பிவிட்டது, நீயே உட்கார்ந்து சரிபார் என்று அந்த லினக்ஸ் கம்ப்யூட்டர் சொல்லிக்கொண்டிருந்தது.

"அண்ணி, எதையும் தொடாதீங்க. முதல்ல டிஸ்க்கை அப்படியே காப்பி எடுத்துடணும். சரி பண்றதெல்லாம் அப்புறம். நாளைக்குக் காலையில வந்துடறேன். அண்ணனையும் தொட விடாதீங்க."

"அவரா? அவர் கையில குங்குமமே இன்னும் காயல. பூசை முடியட்டும், அவருக்கு இருக்கு."

சிங்கப்பூரில் ஒரு கம்பெனியின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் லோஷினிக்கு இப்படிப்பட்ட போன்கள் புதிதல்ல. கூப்பிட்டது அண்ணி, சுவிட்சை அடைத்தது கூடப்பிறந்தவன் என்பதுதான் புதிது.

கஸ்தூரி பெக்கோக் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். பள்ளியில் படிவம் ஐந்து முடித்த கையோடு ஜொகூர் பாருவில் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலைக்கு வந்தாள். அங்கே அவள் கண்டுபிடித்த ஒரு சுருக்கு வழியைச் சூப்பர்வைசர் தன்னுடையது என்று மேலே சொல்லிவிட்டான். மேனேஜர் அறைக்கே போய்ச் சண்டை போட்டாள். "நான் செஞ்சதை நான் செஞ்சேன்னு சொல்லணும். வேற ஒன்னும் வேணாம்." யாரும் சொல்லவில்லை. வேலையை விட்டாள். கோபக்காரி என்ற பெயர் அப்போதிருந்து கூடவே வருகிறது.

லோஷினியின் அண்ணன் லோகேஸ்வரனைக் கட்டிக்கொண்டு உலு திராமுக்கு வந்த பிறகு ரவிக்கை தைத்தாள். மூவாரில் கடையை மூடிய ஒரு சீனத் தவுக்கே முதலாளியிடம் பழைய எம்பிராய்டரி மெஷினை வாங்கினாள். புது விண்டோஸைத் தாங்காத ஒரு பழைய கம்ப்யூட்டரில் லோஷினிதான் லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், நூல் எங்கே நிறம் மாற வேண்டும் என்று ஒவ்வொன்றையும் கஸ்தூரி அதில் வரைந்துவைப்பாள். மெஷின் அதைப் பார்த்துத் தைக்கும். ஆனால் ரவிக்கை கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் சொல்லும் ஒரே வாக்கியம்: "மெஷின் போடுறதுதானே கா, சீக்கிரம் குடுங்க." லோகேஸ்வரனும் அதைத்தான் சொல்வான். அவன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். லாரிக்கும் எம்பிராய்டரி மெஷினுக்கும் சந்தனம் வைத்தவன், கம்ப்யூட்டரை டிவி என்று நினைத்து விட்டுவிட்டான்.

அன்று கஸ்தூரியும் ஊசியைத் தொடவில்லை. ஓட்டக்கூடாத நாளாயிற்றே, டிசைன்களையாவது ஒழுங்குபடுத்துவோம் என்று உட்கார்ந்தாள். தீபாவளி ஆர்டர்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அந்த நேரத்தில்தான் சுவிட்ச் விழுந்தது.

மறுநாள் காலை லோஷினி வந்தபோது லோகேஸ்வரன் வாசலில் லாரிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னண்ணே, ஓட்டம் இல்லையா?"

"சாவியை உன் அண்ணி எடுத்து ஒளிச்சிட்டா. கேட்டா, அதுவும் ரெஸ்ட் எடுக்குதாம்."

"கம்ப்யூட்டரைத் தொட்டீங்களா?"

"அவ பக்கத்து வீட்டுக்குச் சுண்டல் குடுக்கப் போனா. நாமளே சரிபண்ணிடலாமேன்னு இன்டர்நெட்டுல பார்த்தேன். அதுல போட்டிருந்ததை அடிச்சேன். ஒன்னொன்னா கேட்டுச்சு. யெஸ் போட்டேன்."

"எதுக்கு?"

"கேட்டதுக்கெல்லாம். கேள்வி கேட்டா பதில் சொல்லணும்லா?"

அலமாக் என்று வாய் வரை வந்ததை லோஷினி விழுங்கினாள். கோபத்தைத் தொண்டையிலேயே வைத்துக்கொள்வது அவள் பழக்கம். ஆனால் உள்ளேயிருந்து அண்ணியின் குரல் அவளுக்கும் சேர்த்தே வந்தது. "கேட்டதுக்கெல்லாம் யெஸ்! வீட்டுல நான் எத்தனை கேட்டிருப்பேன், ஒன்னுக்காவது யெஸ் சொல்லியிருக்காரா? கேளு லோஷினி!"

கம்ப்யூட்டர் இப்போது ஒழுங்காக எழுந்தது. டிசைன்கள் இருந்த கோப்புறைதான் காலியாக இருந்தது. லோஷினி டிஸ்க்கைக் கழற்றி, முழுவதையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து, அந்தக் காப்பியில் தேடினாள். எந்த இடத்தைச் சேர்ந்தவை என்று தெரியாத கோப்புகளையெல்லாம், அண்ணன் யெஸ் சொன்ன அந்தச் சரிபார்ப்பு புரோகிராம் ஒரு மூலையில் கொட்டிவைத்திருந்தது. பெயர்கள் போய்விட்டன. எல்லாம் வெறும் எண்கள்.

"நேத்தே காப்பி எடுத்திருந்தா பேரோட கிடைச்சிருக்கலாம் அண்ணி. இனி ஒன்னொன்னா திறந்துதான் பார்க்கணும்."

"திற."

முதலில் ஒரு கொடி வந்தது. "செல்லப்பாக்கியம் டீச்சர், இடது கை," என்றாள் கஸ்தூரி. அடுத்து ஒரு மயில், ஒற்றை இறகோடு. மீதி அறுந்துபோயிருந்தது. கஸ்தூரி திரையையே முறைத்தாள். "இது போச்சு. முதல்லேருந்து வரையணும். போகட்டும், அடுத்தது." லோஷினிக்கு எல்லா மாங்காய் டிசைன்களும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. அண்ணியோ காம்பின் வளைவைப் பார்த்தே எது முதுகுக்கு, எது கைக்கு, யாருடையது என்று சொல்லிக்கொண்டே போனாள். சொல்லச் சொல்லக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை. "பாரு, இந்த இலைக்கு ஒரு வாரம் உட்கார்ந்தேன். மெஷின் தைக்குதாம், மெஷின்!"

மதியத்துக்குள் பெரும்பாலானவை கிடைத்துவிட்டன. மயிலும் இன்னும் சிலவும் மட்டும் போனது போனதுதான். ராத்திரி பகலாக உட்கார்ந்தால் தீபாவளிக்குள் வரைந்துவிடலாம்.

வாசலில் பக்கத்து வீட்டுக் காளியப்பன் எதையோ விசாரிப்பது கேட்டது. லோகேஸ்வரனின் பதில் தெருவுக்கே கேட்டது. "ஒன்னும் இல்லலா! சின்ன விஷயம். தங்கச்சி வந்திருக்கா, ரெண்டு தட்டு தட்டுனா வந்துடும். இவதான் சும்மா ஆட்டம் போடுறா."

கஸ்தூரி எழுந்தாள். வெளியே போய்க் கத்தப்போகிறாள் என்றுதான் லோஷினி நினைத்தாள். அவள் அறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து, நாத்தனாரின் தோளில் கை வைத்தாள். நேற்றுப் போனில் கேட்டதைப் போலவே, குரல் உயரவே இல்லை.

"லோஷினி, எனக்காக ஒன்னே ஒன்னு செய். வந்துடுச்சுன்னு தெரிஞ்சா, ஒன்னுமே போகலைன்னு ஆக்கிடுவாரு. உன் அண்ணன் கேட்டா எல்லாம் போச்சுன்னு சொல்லிடு. தீபாவளி வரைக்குமாவது."